நகல் வாங்குவதாக இருந்தால்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புது வீட்டுச் சாப்பாட்டறையில் ஒரு சுவரை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறீர்கள். அங்கே மாட்டுவதற்காக ஒரு கியூபிசப் படத்தின் அக்ரிலிக் நகலைக் கடையில் பார்த்திருக்கிறீர்கள். கிட்டார், பாட்டில், பழத்தட்டு, செய்தித்தாள் எல்லாம் துண்டு துண்டாகச் சிதறி, மறுபடி ஒரு மேசையாகக் கூடி நிற்கும் அந்தப் படம் மனத்தைவிட்டுப் போக மறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் வீட்டில், “நகலுக்குப் போய் யாராவது இவ்வளவு பணம் கொடுப்பார்களா?” என்று கேட்டதும் தயங்கி நிற்கிறீர்கள்.

தாராளமாக வாங்குங்கள். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எந்தப் படத்தை, என்ன அளவில், எப்படிப்பட்ட பரப்போடு வாங்குகிறோம் என்பதை வைத்துத்தான் அந்தச் சுவரில் ஓவியம் இருக்கப்போகிறதா, வெறும் அலங்காரம் இருக்கப்போகிறதா என்பது முடிவாகும். ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நகல் என்ற கூச்சத்தைப் பற்றி. மற்ற ஓவிய இயக்கங்களைவிட கியூபிசத்தில் அதற்கு இடம் குறைவு. ஜார்ஜ் பிராக் 1882-இல் பிறந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் வீடுகளுக்கு வண்ணம் பூசி அலங்கரித்துப் பிழைத்தவர்கள். பிராக்கும் இளமையில் அந்தத் தொழிலைத்தான் முறையாகக் கற்றார். மலிவான பலகையை உயர்ந்த மரம் போலவும், சாதாரணச் சுவரைச் சலவைக்கல் போலவும் காட்டுகிற கைத்தொழில் அது. ஈரம் காயாத வண்ணத்தின் மேல் பல் வைத்த சீப்பை இழுத்தால் மரத்தின் ரேகை வந்துவிடும். அந்தச் சீப்பைத்தான் பிராக் தன் கான்வாஸுக்குக் கொண்டுவந்தார். பிக்காசோவுக்கும் சொல்லிக் கொடுத்தார். கடைப் பலகைகளில் எழுதுவதுபோல அச்சுத்தகடு வைத்து எழுத்துகளைப் பதித்தார். வண்ணத்தில் மணலைக் கலந்தார். பிக்காசோ தன் பங்குக்கு 1912-இல் ரிப்போலின் என்ற எனாமல் பெயின்ட்டைப் படங்களில் பயன்படுத்தினார். வீடுகளுக்கு அடிக்கிற அதே பெயின்ட்.

அந்த 1912-ஆம் ஆண்டு மே மாத வாக்கில் பிக்காசோ செய்த ஒரு சிறிய முட்டை வடிவப் படம் இன்று பாரிஸில் பிக்காசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘பிரம்பு நாற்காலியுடன் ஸ்டில் லைஃப்’ என்று அதைச் சொல்வார்கள். அதிலிருக்கும் பிரம்புப் பின்னல் அவர் வரைந்ததல்ல. பிரம்புபோல அச்சடித்த மெழுகுத்துணியை வெட்டி ஒட்டியிருக்கிறார். சட்டத்துக்குப் பதில் சுற்றிலும் நிஜக் கயிறு. அதே ஆண்டு செப்டம்பரில், அவிஞ்ஞோன் நகரத்துக் கடை ஒன்றில் கருவாலி மர ரேகை அச்சிட்ட சுவர்த்தாளைப் பார்த்தார் பிராக். வாங்கிவந்து வெட்டி ஒட்டி, மேலே கரியால் வரைந்தார். காகிதம் ஒட்டிய முதல் கியூபிசப் படம் அப்படிப் பிறந்தது. போலி மரத்தையும் போலிப் பிரம்பையும் கொண்டே தங்கள் அசல்களைச் செய்தவர்கள் இவர்கள். வீட்டு அலங்காரத் தொழிலிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொண்ட ஒரு கலை திரும்ப ஒரு வீட்டுச் சுவருக்கு வருவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் இந்த வரலாறே ஓர் எச்சரிக்கையும் தருகிறது. இவர்கள் பொருளின் பரப்பை அவ்வளவு மதித்தார்கள்: மணலின் சொரசொரப்பு, காகிதத்தின் விளிம்பு, கயிற்றின் முறுக்கு. ஆகவே ஒட்டுப்படங்களின் அக்ரிலிக் நகலை வாங்கவே வாங்காதீர்கள். ஒட்டிய காகிதத்தைத் தூரிகையால் வரைந்து காட்டும்போது அந்தப் படம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதுவே போய்விடுகிறது. போதாததற்கு அளவு வேறு. நான் சொன்ன பிரம்பு நாற்காலிப் படம் வெறும் 29-க்கு 37 செ.மீ. கையில் ஏந்திப் பார்க்கவேண்டிய சிறு பொருள். அதை நாலடிக்கு ஊதிப் பெருக்கினால் அந்தக் கயிறு கப்பல் வடம்போல ஆகிவிடும்.

இரண்டாவதாகத் தவிர்க்கச் சொல்வது, பலருக்கும் கியூபிசம் என்றதும் நினைவுக்கு வருகிற 1910, 1911-ஆம் ஆண்டுப் படங்களை. பழுப்பும் சாம்பலுமாக, வயலினும் குவளையும் நூறு சில்லுகளாகச் சிதறிய பிராக், பிக்காசோ படங்கள். நான் மிகவும் நேசிக்கும் படங்கள் இவை. அதனால்தான் நகலில் பார்க்க மனம் ஒப்புவதில்லை. அந்தச் சில்லு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெளிச்சமாகத் தொடங்கி மறுபக்கம் மெல்ல இருளுக்குள் போகும். விளிம்பு ஓரிடத்தில் கூர்மையாக இருக்கும். சற்றுத் தள்ளி அது திறந்துகொண்டு பக்கத்துச் சில்லுக்குள் கலந்துவிடும். அந்தக் கலப்பால்தான் பார்க்கும் கண் ஓரிடத்தில் நில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் வரைந்தது எண்ணெய் வண்ணத்தில். அது காய நாட்கணக்காகும். இழைத்து இழைத்துக் கலக்கலாம். அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அவசரத்தில் நகலெடுப்பவர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு சில்லையும் கறுப்புக் கோடு போட்டு மூடிவிட்டு, உள்ளே வண்ணத்தை நிரப்புகிறார். மாதா கோயில் ஜன்னலின் வண்ணக்கண்ணாடிபோல ஒன்று கிடைக்கும். அழகாக இருக்கலாம், கியூபிசமாக இருக்காது. கடையில் அடுத்த முறை பார்க்கும்போது இந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள். எல்லாச் சில்லும் நாலு பக்கமும் கோட்டால் அடைபட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? ஹுவான் கிரிஸ்.

இந்தப் பெயரைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். பிக்காசோ பெயர்தான் விற்கும். கிரிஸ் 1887-இல் மாட்ரிட்டில் பிறந்து, அங்கே தொழிற்கலைப் பள்ளியில் பொறியியல் வரைபடம் பயின்று, 1906-இல் பாரிஸுக்கு வந்தவர். மோன்மார்த்ரில் பிக்காசோ குடியிருந்த பத்தோ-லவுவார் என்ற பாழடைந்த கட்டடத்திலேயே அவருக்கும் ஓர் அறை கிடைத்தது. பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து சாப்பிட்டார். ஓவியத்துக்கு வந்தபோது அந்த வரைபடக் கை கூடவே வந்தது. முதலில் கோணங்களையும் தளங்களையும் திட்டமிட்டு அடுக்குவார். பிறகு அந்தத் தளம் ஒரு பாட்டிலாகும், இந்தத் தளம் ஒரு செய்தித்தாளாகும். 1927-இல் நாற்பதே வயதில் இறந்துபோனார். இருந்த கொஞ்ச காலத்தில் மேசைமேல் கிடக்கும் பொருள்களுக்கு அவர் கொடுத்த கண்ணியத்தை வேறு யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கிரிஸின் தளங்கள் பெரும்பாலும் தட்டையானவை. விளிம்பு துல்லியமானது. வண்ணம் தெளிவானது. பச்சை, நீலம், ஊதா, அடியாழக் கறுப்பு என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் அழுத்தமாக நிற்கும். வேகமாகக் காய்ந்து, சமமாகப் படிந்து, கூர்மையான ஓரம் தருவதில் அக்ரிலிக்குக்கு இணையில்லை. பிராக்கிடம் குறையாக முடிந்த குணம் இங்கே பலமாகிறது. நல்ல கைகளில் கிரிஸின் அக்ரிலிக் நகல் அசலின் பெரும்பகுதியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

அவருடைய இரண்டு படங்களைச் சொல்கிறேன். இரண்டும் 1915-இல் வரைந்தவை. ஒன்று, ‘கட்டம் போட்ட மேசைவிரிப்புடன் ஸ்டில் லைஃப்’. 2014-இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் சுமார் 3.48 கோடி பவுண்டுக்குப் போய், இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திராட்சைக் கொத்து, ஒயின் பாட்டில், பீர் பாட்டில், காப்பிக் கோப்பை, கிட்டார், செய்தித்தாள், இவற்றின் கீழே சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்பு. இவ்வளவுதான் முதல் நாள் தெரியும். இன்னொரு நாள், சோறு பரிமாறும்போது நிமிர்ந்து பார்த்தால், அதே பொருள்கள் ஒரு காளையின் தலையாக மாறியிருக்கும். கீழே நடுவில் இருக்கும் கோப்பை அதன் மூக்கு. இடப்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் வட்டம் கண். பீர் பாட்டில் காது. கிட்டாரின் வளைவு கொம்பு. ஒயின் பாட்டிலின் சீட்டில் இ, ஏ, யூ என்ற மூன்று எழுத்து மட்டும் தெரியும். போஜொலே என்ற ஒயின் பெயரின் நடுத்துண்டு அது. காளையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வாலும் அதுவே. ஸ்பெயின்காரரான கிரிஸ், பாரிஸ் மேசைக்குள் தன் ஊர்க் காளையை ஒளித்து வைத்திருக்கிறார். உங்கள் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவது, ‘திறந்த ஜன்னல் முன் ஸ்டில் லைஃப், பிளாஸ் ரவிஞ்ஞான்’. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளாஸ் ரவிஞ்ஞான் என்பது கிரிஸ் குடியிருந்த கட்டடத்துக்கு முன்னால் உள்ள சிறு சதுக்கத்தின் பழைய பெயர். ஜன்னலுக்கு வெளியே மரங்களும் எதிர்வீட்டு ஜன்னல்களும் ஒரே நீலத்தில் அமைதியாக நிற்கின்றன. உள்ளே மேசையில் பாட்டிலும் குவளையும் பழத்தட்டும் நாளிதழும் விளக்கு வெளிச்சம் பட்டு நிறம் நிறமாக எரிகின்றன. வெளியின் நீலம் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேசை வரைக்கும் சரிந்து வருகிறது. அறை எது, தெரு எது என்ற எல்லையைத் தளங்கள் வெட்டிக்கொண்டு போகின்றன. சாப்பாட்டறைச் சுவருக்கு என் தேர்வு இதுதான். காளைப் படம் இரைச்சலானது, உற்சாகமானது, கூடத்துக்குப் பொருந்தும். இந்த நீலப் படத்தோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இரண்டும் ஏறத்தாழ 116-க்கு 89 செ.மீ. பிரெஞ்சுக் கடைகளில் 50-ஆம் எண் என்று விற்கும் கான்வாஸின் அளவு அது. அடிக் கணக்கில் உயரம் மூன்றடி பத்து அங்குலம், அகலம் மூன்றடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அசலின் அதே அளவில் செய்யச் சொல்லுங்கள். “சோபா நீளத்துக்கு அஞ்சடியாக இழுத்துத் தர்றோம்” என்பார்கள். இழுத்தால் ஒவ்வொரு கோணமும் மாறும். கிரிஸ் கட்டியது கோணங்களால்தான். மூன்று பலகையாகப் பிரித்து மாட்டுவது இப்போது பரவலாக இருக்கிறது. வேண்டவே வேண்டாம். எங்கே உடைய வேண்டும், எங்கே சேர வேண்டும் என்று ஓர் ஓவியர் முடிவு செய்து வைத்த படத்தை இன்னொருவர் தச்சு வசதிக்காக உடைக்கக்கூடாது.

இனி, கடையில் அக்ரிலிக் என்று சொல்லி எதைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அக்ரிலிக் தகட்டின் பின்னால் அச்சுப்படத்தை ஒட்டித் தருவது ஒரு வகை. பளபளவென்று இருக்கும், அதில் தூரிகை படவே இல்லை. கான்வாஸில் அச்சடித்து, மேலே நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்து, கைவேலைபோலக் காட்டுவது இன்னொரு வகை. தூரிகைத் தடம் பாட்டிலின் வளைவோடு போகாமல் தன்பாட்டுக்கு ஓடுவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். பூதக்கண்ணாடியில் மைப்புள்ளிகளும் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் நீங்கள் தேடுவது, வெற்றுக் கான்வாஸில் கையால் தீட்டியது. அதிலும் சீனாவின் ஷென்ஜென் நகரத்து தாஃபென் பகுதியில் ஆயிரக்கணக்கான ஓவியர்கள் நகல் தீட்டியே வாழ்கிறார்கள். இணையத்தில் விற்பனைக்கு வரும் கைநகல்களில் பல அங்கிருந்து வருபவை. அவர்களிலும் தேர்ந்த கைகள் உண்டு. ஆனால் வேலை நடக்கும்போது பார்க்கவும் பேசவும் உங்களுக்கு வாய்ப்பிருக்காது.

அதனால் சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து வெளியே வந்த இளைஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து ஒப்படைக்கச் சொல்வேன். நேரில் போய்ப் பார்க்கலாம், திருத்தச் சொல்லலாம், பணம் முழுவதும் தீட்டிய கைக்கே போய்ச் சேரும். தேடுபொறியில் கிடைத்த படத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் நிறம் ஒவ்வொரு விதமாக இருக்கும். மெட்ரோபாலிட்டன் போன்ற அருங்காட்சியகங்கள் காப்புரிமை முடிந்த படைப்புகளின் பெரிய படங்களைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. அசலை வைத்திருப்பவர் வெளியிட்ட படம் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். பிக்காசோ 1973-இல் இறந்தார்; 2033 முடியும்வரை அவர் படங்களை அனுமதியில்லாமல் நகலெடுத்து விற்பது இங்கே முறையல்ல. பிராக் 1963-இல் இறந்தார். 2023 முடிவோடு இங்கே அவருக்கான உரிமைக்காலம் தீர்ந்தது. ஐரோப்பாவில் எழுபது ஆண்டு என்பதால் அங்கே இன்னும் தீரவில்லை. கிரிஸுக்கு எங்குமே தடையில்லை. மனச்சங்கடமில்லாமல் வாங்கலாம்.

கையொப்பத்தை நகலெடுக்க வேண்டாம் என்று ஓவியரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கான்வாஸின் பின்பக்கம் இது கிரிஸின் எந்தப் படத்தின் நகல், யார் தீட்டியது, எந்த ஆண்டு என்று அவர் தன் கையால் எழுதட்டும். முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிக்காசோவும் பிராக்கும் தங்கள் படங்கள் பலவற்றில் பின்புறம்தான் கையெழுத்திட்டார்கள். உங்கள் ஓவியரும் அந்த வழக்கத்தில் சேர்ந்துகொள்ளட்டும்.

பளபளப்பு வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்பேன். கியூபிசப் படங்களுக்கு வார்னிஷ் பூசக்கூடாது என்பதில் பிராக்கும் பிக்காசோவும் உறுதியாக இருந்தார்கள். மங்கலான, ஒளியை விழுங்கும் பரப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பல படங்களுக்கு வார்னிஷ் பூசியும், பின்புறம் மெழுகு ஏற்றி வேறு துணி ஒட்டியும் பாழாக்கியிருக்கிறார்கள். பிக்காசோவின் வரலாற்றை எழுதிய ஜான் ரிச்சர்ட்சன் 1983-இல் இதைக் கண்டித்து, ‘கியூபிஸ்டுகளுக்கு எதிரான குற்றங்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். நீரில் கலக்கும் ஓவிய அக்ரிலிக் கடைக்கு வந்தது 1950-களில். அதற்கு இயல்பாகவே ஒரு பிளாஸ்டிக் மினுமினுப்பு உண்டு. மேட் மீடியம் கலந்து தீட்டச் சொல்லுங்கள். தூசிக்குப் பயந்து மேலே ஏதாவது பூசித்தான் ஆகவேண்டும் என்றால் அதுவும் மேட் வார்னிஷாக இருக்கட்டும். முன்னால் கண்ணாடி வேண்டாம். இன்னொன்று, அக்ரிலிக் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு படி அடர்ந்த நிறம். பால்போல இருக்கும் பசை காயும்போது தெளிந்துவிடுவதால் இப்படி ஆகிறது. பாதி வேலையில் போய்ப் பார்த்து “நீலம் வெளுத்திருக்கிறதே” என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாள் போய்ப் பாருங்கள்.

நம் வெயிலில் அக்ரிலிக் இளகும். சுருட்டி, குமிழ் பிளாஸ்டிக்கை வண்ணத்தின் மேலேயே சுற்றி, லாரியில் அனுப்பினால் குமிழின் வட்டங்கள் படத்தில் பதிந்துவிடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையிலேயே, இடையில் பிளாஸ்டிக் படாதபடி எடுத்துவரச் சொல்லுங்கள். புதிதாகப் பூசிய சுவரில் ஈரம் இறங்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருங்கள்; மாட்டும்போதும் சட்டத்தின் பின்மூலைகளில் சிறு கட்டை வைத்துக் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். சமையலறை வாசலுக்கு நேர் எதிரே கூடாது. தாளிப்புப் புகையின் எண்ணெய் இளகிய அக்ரிலிக்கில் படிந்தால் எடுப்பது கஷ்டம். ஈரத்துணி, கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் ஆகாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும். வெள்ளை டியூப்லைட்டை அந்தச் சுவர்ப் பக்கம் அணைத்துவிட்டு, 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சளொளி விளக்கு ஒன்றைப் போடுங்கள். விளக்கு வெளிச்சத்துக்கும் வெளி நீலத்துக்கும் இடையிலான உறவுதான் அந்த ஜன்னல் படம்; குழல் விளக்கின் வெளிறிய ஒளியில் அந்த உறவு தெரியாது.

உயரம் கடைசி. அருங்காட்சியகங்களில் நிற்பவர் கண்ணுக்கு நேராக மாட்டுவார்கள். உங்கள் வீட்டில் அதைப் பார்ப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடியில் வரட்டும். அப்போது கீழ் விளிம்பு உங்கள் சாப்பாட்டு மேசையின் உயரத்துக்குச் சற்றே மேலே வரும். ஆணி அடிப்பதற்கு முன் செய்தித்தாள்களைச் சேர்த்து அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒரு வாரம் இருந்து பாருங்கள். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் அப்போதே தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்